தொகுப்பு என்னும் பிழை: மறுநிகழ்த்தலில் இடைக்கால உண்கருவிகள்

ஐரோப்பிய இடைக்கால வாழ்வை மறுநிகழ்த்தும் குழுக்களுக்காக இன்றைய கொல்லர்கள் செய்து விற்பவற்றுள் ஒரு தொகுப்பு மிகப் பரவலானது. கத்தி, கரண்டி, இருமுள் கரண்டி மூன்றுக்கும் ஒரே மாதிரி முறுக்கிய இரும்புக் காம்பு. மூன்றையும் செருகிவைக்க ஒரு தோலுறை. இதைக் குறைகூறுவோர் வழக்கமாக முள்கரண்டியைத்தான் சுட்டுவார்கள். அதை எடுத்துவிட்டால் மற்றவை சரியாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு தவறு. பிழை மூன்றாவது கருவியில் மட்டும் இல்லை. மூன்றையும் ஒரு தொகுப்பாக எண்ணும் இன்றைய மேசைப் பழக்கத்தில் இருக்கிறது.

லண்டனில் தேம்ஸ் கரையோர அகழாய்வுகளில் கிடைத்த கத்திகளும் தோலுறைகளும் இதற்கு நல்ல சான்று. கத்தி உண்பவரின் சொந்த உடைமை; இடைவாரில் தொங்கியது; சாப்பாட்டுக்கு மட்டுமன்றி எல்லா வேலைக்கும் பயன்பட்டது. பதினான்காம் நூற்றாண்டில் அங்கே ஒரு மாற்றம் தெரிகிறது. அதுவரை அலகின் கூரிய வாலைப் பிடிக்குள் செருகினார்கள். பிறகு தட்டையான வாலின் இருபுறமும் பட்டைகளை வைத்து ஆணி அறையும் முறையும் பெருகியது. ஆக, எந்த நூற்றாண்டை நிகழ்த்துகிறோம் என்பதைக் கத்தியின் பிடியே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்றும் உண்டு. அலகு அடிப்பவர், பிடி போடுபவர், உறை தைப்பவர் என லண்டனில் இவை தனித்தனித் தொழில்கள். ஒரு கத்தி முழுமையாவதற்கே இத்தனை கைகள் வேண்டும்.

கரண்டியோ வேறு பட்டறையில் பிறந்தது. அத்திப்பழ வடிவக் குழியும் மெல்லிய தண்டும் நுனியில் சிறு குமிழும் கொண்ட உலோகக் கரண்டிகள் பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவையிலும் பித்தளை போன்ற செம்புக் கலவையிலும் கிடைத்துள்ளன. மரத்திலும் கொம்பிலும் செய்தவை பெரும்பாலும் மக்கிப்போயின. ஈரம் காக்கும் மண்ணில் புதைந்தவையே தப்பின. யார்க் நகரின் காப்பர்கேட்டில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில் கடைசல் மரக்கிண்ணங்களும் கடைந்தபின் எஞ்சிய நடுக்கட்டைகளும் வெளிவந்தது அப்படித்தான். இரும்புதான் இடைக்காலத்தின் அடையாளம் என்ற நினைப்பு மண்ணிலிருந்து வந்ததன்று. கொல்லுலை மீது இன்றைய மனத்துக்கு உள்ள மயக்கத்திலிருந்து வந்தது.

ஒரே வேலைப்பாட்டில் அமைந்த கத்தித் தொகுப்புகள் அக்காலத்தில் இருக்கவே இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. பர்கண்டி கோமகன்களின் சின்னம் தாங்கிய வெட்டுக்கத்திகள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆனால் அவை பிரபுவுக்கு இறைச்சி அரிந்து பரிமாறும் பணியாளருக்கு உரியவை. உண்பவர் கைக்கு உரியவை அல்ல. முள்கரண்டி ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டும் சான்றையும் இப்படியே அணுக வேண்டும். 1312இல் கொல்லப்பட்ட ஆங்கில அரசவைப் பிரபு பியர்ஸ் கேவ்ஸ்டனின் உடைமைப் பட்டியலில் மூன்று வெள்ளி முள்கரண்டிகள் உண்டு. எதற்காக என்பதையும் பட்டியலே சொல்கிறது: பேரிக்காய் உண்ண. கைவிரலில் பிசுபிசுக்கும் பண்டத்துக்கான செல்வர் வீட்டு அலங்காரம் அது. இத்தாலியின் கதை வேறு; அங்கே முள்கரண்டி முன்பே புழங்கியது. ஆனால் 1608இல் அங்கே பயணம் செய்த ஆங்கிலேயர் தாமஸ் கோரியட், 1611இல் வெளியிட்ட தம் நூலில் முள்கரண்டியைப் புதுமையாக விவரிக்கிறார். பதினான்காம் நூற்றாண்டு ஆங்கிலப் படைவீரனாக வேடமிடுபவருக்கு இத்தாலிய விதிவிலக்கு கைகொடுக்காது.

இவற்றைவிடப் பெரிய முரண் பந்தியில் இருக்கிறது. இருவரோ பலரோ ஒரே கலத்திலிருந்து எடுத்து உண்பதும் கிண்ணத்தைக் கைமாற்றிக் குடிப்பதும் அன்றைய வழக்கம். பதின்மூன்றாம் நூற்றாண்டு மிலான்காரர் பொன்வெசின் தா லா ரிவா உணவு மேசைக்கு வகுத்த ஐம்பது ஒழுக்கங்களில் பலவும் இப்படிப் பகிர்ந்து உண்பவர்களுக்கானவை. தட்டின் இடத்தில் ரொட்டியும் இருந்தது: 1393 வாக்கில் பாரிஸில் எழுதப்பட்ட இல்லற நூல் ஒன்று, நான்கு நாள் முன்பே சுட்ட, அரையடி அகலமுள்ள பழுப்பு ரொட்டியை இதற்கென்றே கேட்கிறது. தோலுறையை மெழுகு நூலால் கையாலேயே தைக்கும் அளவுக்கு நுணுக்கம் பார்ப்பவர், தனித்தட்டை மடியில் வைத்துத் தனியே உண்டால் அந்த நுணுக்கத்தால் என்ன பயன்?

ஆகவே நான் முன்வைக்கும் அளவுகோல் இது: உண்ணும் செயலை மாற்றும் பிழை பெரியது, பொருளை மட்டும் மாற்றும் பிழை சிறியது. 1348ஆம் ஆண்டு லண்டன் விதிகள் உயர்தர பியூட்டரில் வெள்ளீயத்துடன் செம்பையும், தாழ்தரத்தில் காரீயத்தையும் சேர்க்க இடமளித்தன. இன்று காரீயம் கலவாத பியூட்டரை வாங்குவதில் தவறில்லை; கரண்டி பிடிக்கும் கை அதனால் மாறுவதில்லை. 1913இல்தான் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கிய துருப்பிடிக்காத எஃகு கத்தியலகில் இருந்தாலும் என்னால் பொறுக்க முடியும், கறாரானவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். முள்கரண்டி அப்படிப்பட்டதன்று. அது விரல்களின் வேலையைப் பறித்துவிடுகிறது.

கிண்ணம் பகிர்வதில் நோய்த்தொற்று அச்சம் உண்டு, அது நியாயமானதே. நடுவில் பொதுக்கலம் வைத்து, அவரவர் ரொட்டியின் மீது எடுத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் பெரிதும் தீரும். விரலால் உண்பதில்தான் மறுநிகழ்த்துநர் பலருக்குக் கூச்சம். விரலால் உண்பது நாகரிகமற்றது என்பது பிற்கால ஐரோப்பாவின் தீர்ப்பு. இடைக்கால மேலோர் பந்தியில் உணவுக்கு முன்னும் பின்னும் கைமேல் நீர் வார்ப்பது தனிச் சடங்காகவே நடந்தது. முள்கரண்டிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு குழு கெண்டியும் தாலமும் ஆளிநார்த் துவாலையும் வாங்கலாம்; நீர் வார்க்க ஒருவரை நியமிக்கலாம்.