21 இலக்கம், 259 வருடம்

147573952589676412927.

போன் நம்பர் இல்லைங்க, பயப்படாதீர்கள். சதுரங்கப் பலகையில் அரிசி கேட்ட கதை எல்லோருக்கும் தெரியும். முதல் கட்டத்துக்கு 1, அடுத்ததுக்கு 2, அப்புறம் 4, 8... அந்தப் பலகையில் 64-க்குப் பதில் 67 கட்டம் இருந்திருந்தால் ராஜா அளக்க வேண்டிய மொத்த அரிசி மேலே உள்ள எண்ணிக்கைதான். அதாவது 2-ஐ 67 முறை எழுதிப் பெருக்கி, 1-ஐக் கழித்தால் வருவது.

இந்த எண் பகா எண்ணா இல்லையா? இதுதான் கேள்வி.

பகா எண்தான் என்றவர் பிரான்ஸ் நாட்டுத் துறவி மெர்சென், 1644-இல். இப்படி 1-ஐக் கழித்தால் பகா எண் தரும் அடுக்குகள் என்று 257 வரைக்கும் ஒரு பட்டியலே போட்டார். அவ்வளவையும் அவர் கையால் சரிபார்த்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் 67-ஐ அசைக்க இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆகிவிட்டது!

1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர், இது பகா எண் இல்லை என்று காட்டினார். வேடிக்கை என்னவென்றால் எந்த எண்ணால் வகுபடும் என்று அவர் சொல்லவில்லை. அவருடைய முறையே அப்படி. பகா எண்ணாக இருந்தால் ஒரு குறிப்பிட்ட கணக்கு வரிசை மீதி பூஜ்யத்தில் முடிய வேண்டும். முடியவில்லை, ஆகவே பகா எண் இல்லை. திருடன் வீட்டுக்குள் இருக்கிறான், யாரென்று தெரியாது என்கிற கதை.

திருடனைப் பிடித்தவர் அமெரிக்கர் ஃபிராங்க் நெல்சன் கோல். 1903 அக்டோபரில் நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். கோல் கரும்பலகைக்குப் போய், 2-இன் 67-ஆம் அடுக்கைக் கணக்கிட்டு 1-ஐக் கழித்தார். பக்கத்தில்,

193707721 × 761838257287

என்று எழுதிப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்று. ஒரு வார்த்தை பேசாமல் போய் உட்கார்ந்தார், அரங்கமே கைதட்டியது. எவ்வளவு நாள் ஆயிற்று என்று கேட்டதற்கு, மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம். இதையெல்லாம் எழுதியவர் ஈ.டி.பெல். அவர் கதையில் மசாலா கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். விடை மட்டும் அச்சு அசல்.

கோல் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவானாலும் அதில் 1-ஐக் கழித்தால் 134-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். 193707720-ஐ 134-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 1445580. இந்த விதியை வைத்து முக்கால்வாசி எண்களுக்கு மேல் தொடாமலே தள்ளிவிடலாம். அப்படியும் மிஞ்சுவது லட்சக்கணக்கில்.

பாவம் மெர்சென், 257-உம் தப்பு. 61, 89, 107 மூன்றையும் பட்டியலில் விட்டேவிட்டார். ஆனாலும் இந்த வகைப் பகா எண்களுக்கு அவர் பெயர்தான். கோல் பெயரில் ஒரு பரிசு இருக்கிறது.

நம்பாதவர்கள் பேப்பர் பேனா எடுத்துப் பெருக்கிப் பார்க்கலாம். சாதா கால்குலேட்டரில் இலக்கம் போதாது.