வீட்டுப் பராமரிப்பின் தர மதிப்பீடு: இங்கிலாந்து

முதுமையாலோ நோயாலோ தளர்ந்தவர்களுக்கு, அவர்கள் வாழும் வீட்டுக்கே சென்று குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், உணவூட்டுதல், மருந்து எடுத்துக்கொடுத்தல் முதலிய உதவிகளைச் செய்வது வீட்டுப் பராமரிப்பு. அந்த உதவி எவ்வளவு நன்றாகச் செய்யப்படுகிறது என்று அளந்தறிவதே அதன் தர மதிப்பீடு. மருத்துவமனையையும் முதியோர் இல்லத்தையும் மதிப்பிடுவதைவிட இது கடினமானது. அங்கே ஒரு கட்டடம் இருக்கிறது, சமையற்கூடமும் படுக்கைகளும் கண்ணுக்குத் தெரிகின்றன, ஆய்வாளர் முன்னறிவிப்பின்றி உள்ளே நுழையலாம். வீட்டுப் பராமரிப்போ சாத்திய கதவுக்குப் பின்னால் இருவருக்கிடையே நடந்து முடிந்துவிடுகிறது. இச்சிக்கலோடு இங்கிலாந்து ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் போராடி வந்திருக்கிறது. மதிப்பீடு வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு நகர நகர அளப்பது எளிதானது. முதியவரின் வாழ்க்கை அளவுகோலுக்குள் வராமல் நழுவியது. அந்நாட்டின் அனுபவம் இதையே காட்டுகிறது.

தோற்றம்

லிவர்ப்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், தம் மனைவியின் இறுதி நோயில் அவரைக் கவனித்த செவிலியர் மேரி ராபின்சனை 1859-இல் நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பினார். வீடு தேடிச் செல்லும் செவிலியம் அங்கே தொடங்கியது. அடுத்து ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலின் ஆலோசனையோடு லிவர்ப்பூலில் பயிற்சிப் பள்ளி எழுந்தது. விக்டோரியா அரசியின் பொன்விழா ஆண்டான 1887-இல் பெண்கள் திரட்டி அளித்த கொடையிலிருந்து 70,000 பவுண்டு ஒதுக்கப்பட்டு, வீட்டுச் செவிலியருக்கான பொன்விழா நிறுவனம் உருவானது. தர மதிப்பீட்டின் முதல் வடிவத்தை இங்கேதான் காண்கிறோம். நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தாமும் பயிற்சி பெற்ற செவிலியர்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய், செவிலியரோடு நோயாளிகளின் வீடுகளுக்குள் சென்று, வேலை நடக்கும் விதத்தை நேரில் பார்த்து அறிக்கை எழுதினர். தொழில் தெரிந்த ஒருவர் தொழில் நடக்கும் இடத்துக்கே போய்ப் பார்ப்பது என்ற அந்த எளிய முறையின் அருமை பின்னாளில்தான் புரிந்தது.

செவிலியம் சாராத வீட்டு உதவி வேறு வழியில் வளர்ந்தது. 1918-ஆம் ஆண்டுத் தாய்சேய் நலச் சட்டம் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு உதவியாளரை அனுப்ப வழி செய்தது. 1946-ஆம் ஆண்டுத் தேசிய சுகாதாரச் சேவைச் சட்டம் முதியோர் வீடுகளுக்கும் அனுப்ப உள்ளாட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தந்தது. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கடமையாக்கியது. அக்காலத்தில் எழுதிவைத்த தர அளவுகோல் எதுவுமில்லை. மன்றத்தின் வீட்டு உதவி அமைப்பாளர் வீடுகளுக்குச் சென்று முதியவரைக் கண்டு பேசித் தம் அறிவுக்கு எட்டியபடி முடிவெடுத்தார்.

1990-ஆம் ஆண்டுச் சட்டம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது இந்த ஏற்பாடு தலைகீழானது. உள்ளாட்சி மன்றங்கள் சேவையைத் தாமே செய்வதை விட்டு, தனியாரிடமிருந்து வாங்குபவை ஆயின. மாற்றத்துக்கென நடுவண் அரசு தந்த மானியத்தின் பெரும்பகுதியைத் தனியார், தொண்டு அமைப்புகளிடம் செலவிட வேண்டும் என்பது விதி. வாங்கும் பொருளுக்கு ஓர் அலகு வேண்டுமே. நிமிடமே அந்த அலகாயிற்று. பதினைந்து நிமிட வருகை பிறந்தது இப்படித்தான். ஒப்பந்தப்படி ஆள் போனாரா, எத்தனை நிமிடம் இருந்தார் என்பதே தரத்தைப் பற்றிய முதற்கேள்வியாகிவிட்டது.

வகைப்பாடு

தரத்தைப் பற்றிய இன்றைய சிந்தனைக்கு அடித்தளம், பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய மருத்துவர் அவெடிஸ் டொனபெடியன் 1966-இல் வெளியிட்ட கட்டுரை. மருத்துவத் தரத்தை அமைப்பு, செயல்முறை, விளைவு என்ற மூன்று கோணங்களில் பார்க்கலாம் என்றார் அவர். வீட்டுப் பராமரிப்புக்குப் பொருத்தினால், பணியாளரின் எண்ணிக்கையும் பயிற்சியும் அமைப்பு. குளிப்பாட்டும் முறை, வந்துபோகும் ஒழுங்கு, பேசும் விதம் செயல்முறை. இவற்றால் முதியவரின் வாழ்வில் நேரும் மாற்றம் விளைவு. முதலாவதைச் சான்றிதழ்களைப் பார்த்தே அறியலாம். இரண்டாவதற்கு வீட்டில் வைத்திருக்கும் குறிப்பேடு உண்டு. ஆனால் அதை எழுதுபவர் பராமரிப்பாளரே. மூன்றாவதற்கு வழி கண்டுபிடிக்க நெடுங்காலம் பிடித்தது.

விளைவை அளக்க முதலில் கையிலிருந்தவை உடலியக்க அளவுகோல்கள். சிட்னி காட்ஸ் குழுவினர் 1963-இல் வெளியிட்ட குறியீடு குளித்தல், உடுத்தல், கழிவறைக்குச் செல்லுதல், எழுந்து இடம் மாறுதல், மலசலத்தை அடக்குதல், உண்ணுதல் என்ற ஆறையும் கணக்கிட்டது. பவல் லாட்டனும் இலெய்ன் பிராடியும் 1969-இல் தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து, பணம் என்ற எட்டைச் சேர்த்தனர். யாருக்கு எவ்வளவு உதவி தேவை என்பதைக் காட்ட இவை சிறந்தவை. சேவையின் தரத்தைக் காட்டுவதில் தவறிவிடுகின்றன. காட்ஸின் குறியீடு இடுப்பெலும்பு முறிந்தோர் போன்ற, தேறிவரக்கூடிய நோயாளிகளை ஆராய்ந்து உருவானது. தொண்ணூறை நெருங்கும் ஒருவர் எவ்வளவு அன்பான கவனிப்பிலும் ஆண்டுக்காண்டு தளரவே செய்வார். அந்தத் தளர்ச்சியைப் பராமரிப்பாளரின் கணக்கில் எழுதுவது அநீதி.

ஒழுங்குமுறையும் அதன் குறையும்

வீட்டுப் பராமரிப்பு நிறுவனங்களை அரசின் பதிவுக்கும் ஆய்வுக்கும் உட்படுத்தியது 2000-ஆம் ஆண்டுப் பராமரிப்புத் தரநிலைச் சட்டம். அதற்கான ஆணையம் 2002-இல் அமைந்து, 2004, 2009 என இருமுறை உருமாறி, இறுதியில் பராமரிப்புத் தர ஆணையமாக நிலைத்தது. 2014 முதல் அது பாதுகாப்பு, பயன், பரிவு, தேவைக்கேற்ப நடத்தல், நல்ல தலைமை என்ற ஐந்தையும் ஆராய்ந்து, மிகச் சிறப்பு, நன்று, மேம்பாடு தேவை, போதாது என்ற நான்கு படிகளில் ஒன்றை அளிக்கிறது. ஆனால் ஆய்வின் பெரும்பகுதி நிறுவனத்தின் அலுவலகத்தில் நடக்கிறது. கோப்புகளைப் புரட்டுவதும் பயனாளர் சிலரோடு தொலைபேசியில் பேசுவதும் வழக்கம். வீட்டுக்குப் போவதற்கு முதியவரின் இசைவு வேண்டும்.

சமத்துவம், மனித உரிமைகளுக்கான ஆணையம் 2011-இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை இந்த இடைவெளியை அம்பலமாக்கியது. கருத்துச் சொன்ன முதியோர், உறவினர், நண்பர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் மனநிறைவு தெரிவித்தனர். அதே அறிக்கை, போதிய உணவும் நீரும் கிடைக்காமல் விடப்பட்டவர்களையும், கண்ணியம் காக்கப்படாமல் நடத்தப்பட்டவர்களையும் பதிவு செய்தது. 2015-இல் வெளியான தேசியச் சுகாதார, பராமரிப்பு மேன்மை நிறுவனத்தின் வழிகாட்டுதல், முதியவருக்கு அறிமுகமான பணியாளர் குறிப்பிட்ட சிறு வேலைக்காக வரும் சூழல் போன்றவற்றைத் தவிர, வருகை அரைமணிக்குக் குறையக்கூடாது என்றது. கண்ணியத்துக்கு நேரம் வேண்டும் என்பதை இவ்வாறு ஏட்டிலாவது ஒப்புக்கொண்டார்கள்.

வாழ்வை அளக்கும் கருவி

மாற்றுவழி ஏற்கெனவே இருக்கிறது. ஆன் நெட்டன் முன்னின்று கென்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய சமூகப் பராமரிப்பு விளைவுக் கருவி, அன்றாட வாழ்வின் மீது தமக்குள்ள பிடி, உடல் தூய்மை, உணவும் நீரும், பாதுகாப்பு, வீட்டின் நிலை, பிறரோடு பழகுதல், பொழுதைத் தமக்குப் பிடித்தபடி கழித்தல், கண்ணியம் என்ற எட்டையும் முதியவரிடமே கேட்கிறது. கண்ணியத்துக்கான கேள்வி கூர்மையானது: தமக்கு உதவி செய்யப்படும் விதம் தம்மைப் பற்றித் தம்மையே என்ன நினைக்கவைக்கிறது என்று அது வினவுகிறது.

இதற்கு எழும் ஆட்சேபங்கள் மூன்று. முதியோர் நன்றியாலும், வருபவர் வராமல் போய்விடுவாரோ என்ற அச்சத்தாலும் குறை சொல்லமாட்டார்கள் என்பது முதலாவது. திருப்தியா என்று கேட்கும் படிவங்களுக்கு இது முற்றிலும் பொருந்தும். இக்கருவி கேட்பது வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று. வேளைக்கு உணவு கிடைப்பதில்லை என்று சொல்வதற்கு யார் மேலும் பழி சுமத்தத் தேவையில்லை. முதுமையில் விளைவு தாழ்ந்துகொண்டே போகும் என்பது இரண்டாவது. உதவி இல்லாதிருந்தால் நிலை என்னவாக இருக்கும் என்பதையும் கேட்டு, இரண்டுக்குமுள்ள வேறுபாட்டையே சேவையின் பயனாக இக்கருவி கொள்வதால் அந்த வாதம் வலுவிழக்கிறது. மறதிநோயாளர்களால் பதில் சொல்ல இயலாது என்பது மூன்றாவது. மிகக் கனமானதும் அதுவே. எளிமைப்படுத்திய வடிவமும், நெருங்கியவர் சார்பில் பதில் சொல்லும் வடிவமும் அதை ஓரளவே ஈடுசெய்கின்றன. எஞ்சியதற்குப் பொன்விழா நிறுவனத்தாரைப் போல், இசைவு பெற்று வீட்டுக்குள் போய்ப் பார்ப்பதைவிட நல்ல வழியில்லை. வருகையைப் பதியும் மின்னணுக் கருவிகள் ஆள் வராமல் போன நாளைக் காட்டிக்கொடுக்கும். அது சிறிய பயனன்று. வந்தவர் தேநீரை மேசையில் வைத்துவிட்டுப் போனாரா, முதியவர் குடிக்கும்வரை இருந்தாரா என்பதை அவை காட்டமாட்டா.

2010-11 முதல் அந்த எட்டுக் கேள்விகளும் ஆண்டுதோறும் நடக்கும் தேசியக் கணக்கெடுப்பில் இடம்பெற்று, 24 புள்ளிகளில் மதிப்பெண் வெளியாகிறது. ஆனால் அது உள்ளாட்சி மன்றத்துக்கான மதிப்பெண். எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது என்று தாய்க்காக ஏங்கும் மகளுக்கு அது உதவாது. அதே கேள்விகளின் விடையை ஒவ்வொரு நிறுவனத்தின் பெயருக்கும் நேரே வெளியிடுவதே அடுத்து எடுக்கவேண்டிய படி.

இன்றைய நிலை

2023 இறுதியில் பராமரிப்புத் தர ஆணையம் புதிய ஒற்றை மதிப்பீட்டுச் சட்டகத்துக்கு மாறியது. 2024-இல் வெளியான சுதந்திர மறுஆய்வு ஆணையத்தின் செயல்பாட்டில் பெருங்குறைகளைக் கண்டது.