சோபாவுக்கு நிறம் வந்த கதை



மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி சங்கத்தார் கேட்டதும், எனக்குச் சோறு போடும் தொழிலின் வரலாற்றையே எழுதலாம் என்று தோன்றியது. நான் சிவில் முடித்தவன். வீடுகளின் பிளானை மேலிருந்து பார்ப்பதுபோல, நிழலோடும் நிறத்தோடும் மேஜை நாற்காலிகளோடும் கம்ப்யூட்டரில் செய்து தருவது என் வேலை. 'ரெண்டரிங்' என்பார்கள். இதில் தீராத தலைவலி ஒன்று உண்டு. சுவர் ஒழுங்காக வரும், தரை ஒழுங்காக வரும், கட்டிலும் சோபாவும் மட்டும் தகராறு செய்யும்! தேக்கு மேஜை பிளாஸ்டிக் மாதிரி மின்னும். கண்ணாடி டீப்பாய் கன்னங்கரேலென்று இருக்கும். சோபாத் துணியின் பூ ஒவ்வொன்றும் தலையணை அளவுக்கு வீங்கியிருக்கும்.

ஏன் இப்படி? பதில் ஐம்பது வருஷ வரலாற்றில் இருக்கிறது.

கோடுகளின் காலம்

டிராயிங் ஹாலில் மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டிய நமக்கு இது தெரியும். வெட்டுத் தோற்றத்தில் செங்கல்லுக்குச் சாய்கோடு போடுவோம், மரத்துக்கு ரேகை மாதிரி வளைகோடு போடுவோம். 'இது செங்கல் மாதிரியே இல்லையே' என்று யாரும் சண்டைக்கு வரவில்லை. ஏனென்றால் அது தோற்றம் அல்ல, வரைபவருக்கும் படிப்பவருக்கும் இடையே ஓர் ஒப்பந்தம். 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை!) ஐவன் சதர்லேண்ட் 'ஸ்கெட்ச்பேட்' செய்தபோதும் திரையில் வந்தவை கோடுகள்தாம். 1982 டிசம்பரில் வெளிவந்த ஆட்டோகேடும் அடிப்படையில் கோடு போடும் கருவியே. கோடு இருந்தவரை சோபாவின் நிறம் பற்றிய கவலையே இல்லை.

யூட்டாவும் கார்னெலும்

கவலையைத் தொடங்கி வைத்தது யூட்டா பல்கலைக்கழகம். 1971-ல் ஹென்றி கூரோ, தட்டையான துண்டுகளால் ஆன உருவத்தை வழவழப்பாகக் காட்டும் முறையைத் தந்தார். அடுத்து வந்தவர் வியட்நாமில் பிறந்த பூய் துவாங் ஃபோங். பளபளப்பான பொருளின்மேல் விழும் ஒளிப் புள்ளியை ஒரு சின்னச் சூத்திரத்தில் அடக்கினார். 1973-ல் ஆய்வேடு, 1975-ல் கட்டுரை. அதே 1975-ல் அவர் இறந்துபோனார். வயது 32தான். இன்றைக்கும் அவர் பெயர் நான் பயன்படுத்தும் மென்பொருளின் மெனுவில் இருக்கிறது.

1974-ல் அங்கேயே எட் கேட்மல், உருவத்தின்மேல் ஒரு படத்தை ஒட்டும் வித்தையைக் கண்டுபிடித்தார். 'டெக்ஸ்சர் மேப்பிங்' என்பது இதுதான். பிளைவுட்மேல் சன்மைக்கா ஒட்டுகிற அதே சமாச்சாரம்! (இவர் பிற்காலத்தில் பிக்ஸாரைத் தொடங்கியவர்களில் ஒருவர்.) 1976-ல் ஜிம் பிளின்னும் மார்ட்டின் நியூவெலும் சுற்றுப்புறத்தையே பொருளின்மேல் பிரதிபலிக்க வைத்தார்கள். பளபளப்பு என்பது பொருளிடம் மட்டும் இல்லை, அதைச் சுற்றி இருப்பதிலும் இருக்கிறது என்று புரிந்தது.

ஆனாலும் எல்லாம் பிளாஸ்டிக் மாதிரியே தெரிந்தன. காரணத்தை 1981-ல் ராபர்ட் குக்கும் கார்னெல் பல்கலைக்கழகத்து மெக்கானிக்கல் பேராசிரியர் கென்னத் டாரன்ஸும் சொன்னார்கள். பிளாஸ்டிக்கின்மேல் விழும் மினுமினுப்பு விளக்கின் நிறத்தில் இருக்கும். செம்பின்மேல் விழுவதோ செம்பின் நிறத்தில் இருக்கும். எவர்சில்வர், பித்தளை, செம்பு மூன்றையும் புழங்கும் நம் வீட்டு அம்மாக்களுக்கு இது ஆதியிலிருந்தே தெரியும்!

1983-ல் லான்ஸ் வில்லியம்ஸ், தூரத்தில் சிறுத்துத் தெரியும் டிசைன் கலங்காமல் இருக்க ஒரே படத்தைப் பல அளவுகளில் தயாராக வைத்துக்கொள்ளும் 'மிப்மேப்' முறையைத் தந்தார். 1984-ல் மறுபடி கார்னெல். சிவப்புச் சுவரின் சாயல் பக்கத்து வெள்ளைச் சுவரில் படிவதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? சாட்சாத் ஹீட் டிரான்ஸ்ஃபர் பாடத்திலிருந்து! அதில் அரியர் வைத்த அண்ணன்மார்கள் மன்னிக்கவும். 1985-ல் கென் பெர்லினும் டார்வின் பீச்சியும், படத்தை மேலே ஒட்டாமல், ஒரே கட்டையில் செதுக்கியதுபோல மரமும் பளிங்கும் உள்ளேயிருந்தே வரும் வழியைத் தனித்தனியே சொன்னார்கள். 1986-ல் ஜேம்ஸ் கஜியா எல்லா ஒளிக் கணக்கையும் ஒரே சமன்பாட்டில் கொண்டுவந்தார். 2012-ல் டிஸ்னியின் பிரென்ட் பர்லி, சில எளிய எண்களைத் திருகியே உலோகம், துணி, மரம் எல்லாவற்றையும் அமைக்கும் முறையை வெளியிட்டார். இன்றைய மென்பொருள்கள் பலவும் அந்த வழியில்தான் நடக்கின்றன.

இந்த வரலாறு சொல்லும் சேதி ஒன்றுதான். ஒரு பொருளின் தோற்றம் அந்தப் பொருளில் மட்டும் இல்லை. ஒளி, சுற்றுப்புறம், பார்க்கும் தூரம் மூன்றும் சேர்ந்தால்தான் தேக்கு தேக்காகத் தெரியும்.

பிளானுக்கு மட்டும் ஏன் தகராறு?

இப்போது பிளானுக்கு வாருங்கள். தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டி, மேல்பாதியைத் தூக்கி எறிந்துவிட்டு, உச்சியிலிருந்து பார்க்கிறோம். கூரையும் இல்லை, விளக்கும் இல்லை. கண்ணாடி டீப்பாய் எதைப் பிரதிபலிக்கும்? மேலே உள்ள சூனியத்தை! பின்னணி கறுப்பென்றால் டீப்பாயும் கறுப்பு, வெள்ளை என்றால் முழுக்க வெள்ளை. பார்வைக் கோடுகள் எல்லாம் இணையாக இறங்குவதால் மேஜை முழுக்க ஒரே பூச்சாகிவிடும். மருந்து எளிது. பிரதிபலிக்க ஒரு வானத்தையோ வெளிச்சப் பலகையையோ மேலே வையுங்கள், ஒளியைச் சாய்வாக விடுங்கள்.

அடுத்தது அளவு. சன்மைக்கா ஷீட் 8க்கு 4 அடி. ஸ்கேன் செய்த படம் நிஜத்தில் எத்தனை அடி என்று மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால், அது தன் இஷ்டத்துக்கு இழுத்து ஒட்டும். 1:50 அளவில் 6 அடிக் கட்டில் காகிதத்தில் சுமார் 37 மில்லிமீட்டர்தான். துணியின் 1 மி.மீ. நூல் அதில் 0.02 மி.மீ. ஆகிவிடும். எந்தப் பிரின்டரிலும் அது தெரியாது, தெரியவும் கூடாது. அங்கே நெசவைக் காட்டாதீர்கள், நெசவின் சராசரி நிறத்தைக் காட்டுங்கள். வில்லியம்ஸின் பாடம் அதுதான்.

மூன்றாவது, ரொம்பச் சாதாரணமானது. ஃபைலை பென்டிரைவில் எடுத்துப் போவார்கள், மரப் படமும் துணிப் படமும் பழைய கம்ப்யூட்டரிலேயே கிடக்கும். மாப்பிள்ளை மண்டபத்துக்கு வந்துவிட்டார், பட்டு வேட்டி வீட்டிலேயே இருக்கிறது! சோபா சாம்பல் நிறமாக நிற்கும்போது முதலில் இதைப் பாருங்கள்.

அழகு மட்டுமா விஷயம்?

ஒருமுறை ஒரு கட்டுமான நிறுவனத்தார், லேமினேட் போடப்போகும் அலமாரிகளைத் தேக்காகக் காட்டச் சொன்னார்கள். "சார், படம்தானே, யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் மேலாளர். லேமினேட்டை லேமினேட்டாகவே அழகாகக் காட்டுகிறேன் என்றேன். அந்த வேலை வேறொருவருக்குப் போயிற்று. போகட்டும்! 2016-ல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, விளம்பரத்தில் உள்ள பொய்த் தகவலை நம்பிப் பணம் கட்டியவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும். அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இருபது வருஷ வீட்டுக்கடனில் ஒரு குடும்பம் கையெழுத்துப் போடுகிறது. சாய்கோடு போட்ட காலத்தில் பிளான் ஓர் ஒப்பந்தமாக இருந்தது. நிறம் வந்த பிறகும் அது ஒப்பந்தம்தான்.

ஆகவே தம்பி தங்கைகளே, புது மென்பொருள் வருஷத்துக்கு ஒன்று வரும், கற்றுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு தச்சுப்பட்டறைக்கும் போங்கள். தேக்குப் பலகையை வெயிலிலும் டியூப்லைட்டிலும் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அளவு டேப்பைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கத் தெரிந்தவனுக்கே காட்டத் தெரியும்.

 வாழ்க நம் கல்லூரி!