சவலைப் பிள்ளையான ஆப்பிள் டூ

1984 ஏப்ரல் 24 அன்று சான்பிரான்சிஸ்கோவின் மாஸ்கோனி அரங்கில் ஆப்பிள் நிறுவனம் ஒரு விழா எடுத்தது. விழாவின் பெயர் ‘ஆப்பிள் டூ ஃபாரெவர்’. அதே பெயரில் ஒரு பாட்டும் போட்டார்கள். கையில் தூக்கிச் செல்லும் அளவிலான ஆப்பிள் டூசி கணினி அன்றுதான் வெளியானது. பிற்பகலில் மார்கன் ஹில் பகுதியில் 6.2 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட, அரங்கமே ஆடியது. சகுனம் பார்க்கிறவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்திருக்கும்.

சகுனம் பார்க்காதவர்களும் யோசிக்க ஒரு காரணம் இருந்தது. மூன்று மாதம் முன்பு, ஜனவரி 24 அன்று, இதே நிறுவனம் மெக்கின்டாஷ் என்ற வேறொரு கணினியை அறிமுகப்படுத்தியிருந்தது.

ஆப்பிள் டூ 1977இல் வந்தது. வடிவமைத்தவர் ஸ்டீவ் வாஸ்னியாக். உள்ளே கூடுதல் அட்டைகளைச் செருக இரண்டு துளைகள் போதும் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். எட்டு இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் வாஸ்னியாக். எட்டுதான் வைத்தார்கள். மேல் மூடியைத் திறக்க ஸ்க்ரூடிரைவர் தேவையில்லை. பின்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் கையோடு வந்துவிடும். பிரிண்டருக்கு ஒன்று, ஃபிளாப்பி டிரைவுக்கு ஒன்று, கூடுதல் நினைவகத்துக்கு ஒன்று என அட்டைகளை வாங்கி, வாங்கியவரே செருகிக்கொள்ளலாம். இந்த அட்டைகளைச் செய்து விற்கவே பல சிறு நிறுவனங்கள் முளைத்தன.

1979இல் விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருள் முதலில் இந்தக் கணினிக்குத்தான் வந்தது. கணக்கர்களும் சிறு வணிகர்களும் விசிகால்க்குக்காகவே ஆப்பிள் டூ வாங்கினார்கள். மினசோட்டா மாநிலத்தின் கல்விக் கணினி அமைப்பு, தன் பள்ளிகளுக்கு இதையே வாங்கியது. ‘ஆரிகன் டிரெயில்’ விளையாட்டு ஒரு தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த வழியும் இதுதான். 1983இல் கலிபோர்னியாவில் சுமார் 9,000 பள்ளிகளுக்குத் தலா ஓர் ஆப்பிள் டூஇ கணினியை நிறுவனமே இலவசமாகக் கொடுத்தது.

நிறுவனத்தின் கவனமோ அடுத்தடுத்த கனவுகளில் இருந்தது. 1980இல் வந்த ஆப்பிள் த்ரீயில் மின்விசிறி கிடையாது. சத்தம் வரக்கூடாது என்பது ஜாப்ஸின் விருப்பம். உள்ளே சில்லுகள் சாக்கெட்டிலிருந்து நழுவின. கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுங்கள், சில்லு தானே உட்கார்ந்துகொள்ளும் என்று யோசனை சொல்லும் நிலை வந்தது. 1983இல் வந்த லிசாவின் விலை 9,995 டாலர், வாங்க ஆளில்லை. இரண்டும் படுத்தபோதும் நிறுவனத்தைத் தாங்கி நின்றது ஆப்பிள் டூ ஈட்டிய பணம்தான்.

அந்தப் பணத்தில் யாருக்கு விருந்து என்பது கட்டடத்துக்குள் நுழைந்தாலே தெரியும். மெக்கின்டாஷ் குழுவின் முன்கூடத்தில் போசன்டார்ஃபர் பியானோவும் பி.எம்.டபிள்யூ. மோட்டார் சைக்கிளும் நின்றன. இளைய பிள்ளை பிறந்ததும் மூத்தது சவலையாகிப்போன கதைதான் இது; ஒரே வித்தியாசம், இங்கே வீட்டுக்குச் சம்பாதித்துப் போட்டது சவலைப் பிள்ளை. 1985 ஜனவரியில் நடந்த பங்குதாரர் கூட்டத்தில் பேச்செல்லாம் மெக்கின்டாஷைப் பற்றியே இருந்தது. விற்பனையில் பெரும்பங்கைத் தந்த ஆப்பிள் டூ குழுவினர் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தார்கள். வாஸ்னியாக் கொதித்துப்போனார், சில வாரங்களில் அன்றாட வேலையிலிருந்து விலகினார்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஜாப்ஸும் வெளியேறினார். இனியாவது நம் காலம் வரும் என்று ஆப்பிள் டூ பயனர்கள் நினைத்தார்கள். வந்ததுபோலவும் இருந்தது. 1986 செப்டம்பரில் ஆப்பிள் டூஜிஎஸ் வெளியானது. 4,096 வண்ணங்கள், இசைக் கருவிகளில் பயன்பட்ட என்சோனிக் ஒலிச்சில்லு. மெக்கின்டாஷோ அப்போது கறுப்பு வெள்ளையில்தான் இருந்தது. முதல் 50,000 கணினிகளின் முகப்பில் ‘வாஸ்’ என்ற வாஸ்னியாக்கின் கையெழுத்து அச்சிடப்பட்டிருந்தது. ஆனால் வேகம் 2.8 மெகாஹெர்ட்ஸோடு நின்றது. வேகமான சில்லுகள் போதிய அளவில் கிடைக்காதது ஒரு காரணம். மெக்கின்டாஷ் வியாபாரத்துக்குப் போட்டியாகிவிடக் கூடாது என்று வேண்டுமென்றே காலைக் கட்டிவிட்டார்கள் என்பது பயனர்களின் தீராத சந்தேகம். அடுத்த ஆறு ஆண்டுகளில் நிறுவனம் அந்த வேகத்தைக் கூட்டவே இல்லை என்பது சந்தேகத்துக்கு உரம் போட்டது.

நிறுவனம் செய்யாததை வெளியார் செய்தார்கள். டெக்சாஸில் இருந்த அப்ளைடு இன்ஜினியரிங், டிரான்ஸ்வார்ப் என்ற வேக அட்டையை விற்றது. டாம் வைஷார் ‘ஓப்பன் ஆப்பிள்’ என்ற மாத மடலை 1985 முதல் நடத்தினார். 1989இல் அவர் முயற்சியில் கான்சஸ் சிட்டியில் ஆப்பிள் டூ நிரலாளர்கள் கூடினார்கள். கல்லூரி விடுதியில் தங்கி, இரவெல்லாம் நிரல் எழுதும் அந்தச் சந்திப்பு பின்னர் கான்சஸ்ஃபெஸ்ட் என்று ஆண்டு விழாவானது. ஆறுதல் தேடி வந்தவர்களும் உண்டு. வேலை செய்ய வந்தவர்களே அதிகம்.

1991இல் நிறுவனம் தன் பதிலைச் சொல்லிவிட்டது. மெக்கின்டாஷ் எல்சிக்குள் செருகும் ஆப்பிள் டூஇ அட்டை ஒன்றை வெளியிட்டது. பள்ளிகள் பழைய மென்பொருளை விடாமலே மெக்கின்டாஷுக்கு மாறட்டும் என்பது கணக்கு. ஒரு காலத்தில் மற்ற அட்டைகளுக்கெல்லாம் இடம் கொடுத்த கணினி, இப்போது தானே ஓர் அட்டையாகச் சுருங்கியது. உள்ளேயே வன்தட்டு வைக்கவிருந்த புதிய டூஜிஎஸ் மாதிரியும் கடைக்கு வராமலே கைவிடப்பட்டது. 1992 டிசம்பரில் டூஜிஎஸ் நின்றது. 1993 நவம்பரில் டூஇயும் நின்றது.

இயங்குதளமான புரோடாஸின் கடைசிப் பதிப்பையும் நிறுவனம் 1993இலேயே முடித்துக்கொண்டது. 23 ஆண்டு கழித்து, 2016 செப்டம்பரில், புரோடாஸ் 2.4 வெளியானது. எழுதியவர்கள் நிறுவனத்தின் ஆட்கள் அல்ல, பயனர்கள். நிறுவனத்தின் கடைசிப் பதிப்புகள் ஆப்பிள் டூஇக்கு முந்தைய கணினிகளைக் கைவிட்டிருந்தன, 2.4 பதிப்போ, நினைவகத்தைக் கூட்டிய 1977ஆம் ஆண்டுக் கணினியிலும் ஓடியது.