குழலின் கனம்

ராமநாதபுரம் அரண்மனைக்குள் இருக்கும் ராமலிங்க விலாசத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சுவரோவியங்களை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நான் உத்தரகோசமங்கைக்காரன். ஏதாவது வேலையாக ராமநாதபுரம் போய், கொஞ்சம் பொழுது மிஞ்சினால், அங்கே ஆயுதங்கள் வைத்திருக்கும் பக்கமாகப் போய் நிற்பேன். வளரியைப் பற்றி எழுதக் கிட்டத்தட்ட எல்லோரும் இருக்கிறார்கள். எனக்குத் துப்பாக்கிக் குழல்களின் மேல்தான் கண். இந்தக் குழலை இவ்வளவு கனமாக அடித்தவன் யாரை மனதில் வைத்து அடித்தான் என்ற கேள்வி பள்ளி நாட்களிலிருந்தே என்னோடு இருக்கிறது.

நம் பக்கத்துத் திரித் துப்பாக்கிகளின் குழல் நீளமானது, சுவரும் தடிமனானது. உள்ளூர்க் கொல்லன் இரும்புப் பட்டையைச் சுருட்டி, காய்ச்சி, அடித்து ஒட்டிய குழல் அது. மருந்தின் தரம் ஒருநாள் போல் இன்னொருநாள் இருக்காது என்பதால், வெடித்துச் சிதறாமல் இருக்கத் தடிமன் வேண்டியிருந்தது. அதைவிடப் பெரியது ஜிஞ்சால். கோட்டைச் சுவரிலோ கவட்டைக் கம்பிலோ தாங்கவைத்துத்தான் சுட முடியும். இருக்கிற இடத்தில் இருந்து எதிரியைத் தடுக்கிறவனுக்குக் கனம் தொந்தரவு இல்லை. கம்பெனிச் சிப்பாய்க்கோ நாள் முழுக்கத் தோளில் சுமந்து நடந்து, வரிசையில் நின்று, வேகமாகக் கெட்டித்துச் சுட வேண்டும். அவனுக்கு வேறு துப்பாக்கி.

1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அடுத்து டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் (ராபர்ட் கிளைவின் மகன்) பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்து பிரகடனம் வெளியிட்டார். 1878இல் லிட்டன் காலத்து ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. வெள்ளைக்காரர்களுக்கு அதிலிருந்து விலக்கு.

எங்கள் சீமையில் துப்பாக்கி இல்லாமல் போன அதே காலத்தில் இங்கிலாந்தில் எல்லோரும் சுடக் கற்க வேண்டும் என்ற பேச்சு கிளம்பியது. காரணம் போயர் யுத்தம், 1899 முதல் 1902 வரை. தென்னாப்பிரிக்க விவசாயிகள் தூரத்தில் மறைந்திருந்து குறிபார்த்துச் சுட, பிரிட்டிஷ் ராணுவம் திணறியது. திரும்பி வந்த ராபர்ட்ஸ் பிரபு ஊர்தோறும் சிறு ரைபிள் கிளப்புகள் வேண்டும் என்று பிரசாரம் செய்தார். அதற்குத் தோதாக .22 தோட்டா இருந்தது. இன்றும் உலகமெங்கும் சுடப்படும் .22 லாங் ரைபிள் தோட்டா 1887இல் வந்தது. விலை மலிவு, சத்தம் குறைவு, சின்ன இடம் போதும்.

ராணுவத்துக்கோ வேறொரு கவலை. 1903 வாக்கில் வந்த குட்டை லீ என்ஃபீல்டின் குழலை முந்தைய ரைபிளைவிட 5 அங்குலம் குறைத்திருந்தார்கள். காலாளுக்கும் குதிரைப்படைக்கும் ஒரே ரைபிள் என்பது திட்டம். குறி கெட்டுப்போகும் என்று நிபுணர்கள் பத்திரிகைகளில் கத்தினார்கள். அந்தக் கத்தலுக்கு முதல் உலக யுத்தம் பதில் சொல்லிவிட்டது, அது வேறு கதை. பயிற்சிக்கு வந்த சிப்பாய் .22 சுட்டாலும் அதே கனம், அதே போல்ட், அதே குறிமுள் இருக்க வேண்டும் என்று ராணுவம் நினைத்தது. அதனால் தேய்ந்த .303 குழலை உள்ளே அகலமாகக் கடைந்து, .22 துளையுள்ள மெல்லிய எஃகுக் குழாயை அதற்குள் செருகிப் பற்றவைத்தார்கள். வெளியே அதே பருமன், உள்ளே 7.7 மில்லிமீட்டருக்குப் பதில் 5.6. யாரும் திட்டமிடாமலேயே அது கனமான குழலாகிவிட்டது.

அந்த ரைபிள்தான் நம்பர் 2 மார்க் 4. சுதந்திரத்துக்குப் பிறகு, 1948இல் தொடங்கிய என்.சி.சி. வழியாக நம் பையன்கள் கைக்கு வந்தது. சீன யுத்தம் முடிந்து 1963இல் கல்லூரிகளில் என்.சி.சி. கட்டாயமாகி, 1968இல் மறுபடி விருப்பப் பாடமானது. நான் சேர்ந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னால்.

எங்கள் ஊர் மரகத நடராஜரை மார்கழித் திருவாதிரைக்கு ஒருமுறைதான் சந்தனக்காப்பு இல்லாமல் பார்க்க முடியும். துப்பாக்கியும் எங்களுக்கு அப்படித்தான், வருஷத்தில் ஒரு முகாம், ஆளுக்கு ஐந்து தோட்டா. அந்த வருஷம் இரண்டு வகை இருந்தன. ஒன்று பழைய மார்க் 4, ஏறத்தாழ 4 கிலோ. இன்னொன்று டீலக்ஸ், 2.78 கிலோ, மெல்லிய குழல், பளபளப்பான கட்டை. நான் அப்போது சோளத்தட்டை மாதிரி இருந்தேன். யோசிக்காமல் டீலக்ஸை எடுத்தேன். 25 கஜம். ஐந்து குண்டும் உள்ளங்கையை விரித்த மாதிரி சிதறிக் கிடந்தன.

ஹவில்தார் சார் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏன்டா, தூக்குறதுக்கு எது லேசுன்னா பாத்த? படுத்துக்கிட்டுத்தான சுடுற. உனக்கா கனம்? தரைதானடா தூக்குது." மிச்சமிருந்த தோட்டாவில் எனக்கு இன்னொரு ஐந்து கொடுத்து, மார்க் 4ஐக் கையில் வைத்தார். இந்தத் தடவை ஐந்தும் ஒரு பேனா மூடியின் நீளத்துக்குள் அடங்கின.

வெகுகாலம் குழலின் விறைப்புதான் அதற்குக் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். 16 மில்லிமீட்டர் குழலைவிட 22 மில்லிமீட்டர் குழல் மூன்றரை மடங்கு விறைப்பு. கணக்கு சரிதான், ஆனால் 25 கஜத்தில் அது தெரியாது. சூடும் காரணமில்லை. பெரிய தோட்டா அடுத்தடுத்துச் சுட்டால் மெல்லிய குழல் காய்ந்து குறி நகரும், .22இல் இருக்கிற துளி மருந்துக்கு ஐந்து சுட்டாலும் குழல் கை பொறுக்கிற சூட்டில்தான் இருக்கும். விஷயம் என் விரலில் இருந்தது. நான் ட்ரிகரை அமுக்கவில்லை, பிடுங்கினேன். லேசான ரைபிள் அந்தப் பிடுங்கலோடு போயிற்று. கனமானது அவ்வளவாக அசையவில்லை. மெதுவான .22 குண்டு குழலை விட்டு வெளியேற இரண்டு மூன்று மில்லி வினாடி எடுக்கும். அதற்குள் நடக்கிற அசைவெல்லாம் தாளில் விழும்.

ஆக, கனமான குழல் என்னை நல்ல சுடுநனாக ஆக்கவில்லை, என் தப்பை மூடிமறைத்தது. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் ஆயிற்று. ஒல்லிப் பையனுக்கு லேசான ரைபிள் என்று கொடுப்பது தவறு என்று இன்றும் சொல்வேன். படுத்துச் சுடக் கற்கிறவனுக்குக் கனமானதுதான். ஆனால் கொஞ்சம் தேறியதும் லேசானதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், விரல் என்ன செய்கிறது என்று அதுதான் காட்டும். காட்டில் சுமந்து நடக்கிறவனுக்கும் அதுவே. போட்டிக்காரர்கள் கதை தனி. ஆண்கள் 50 மீட்டர் போட்டியில் ரைபிள் 8 கிலோ வரை இருக்கலாம், என் டீலக்ஸைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. 2024 பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய போட்டி அதுதான். அதில் நின்றும் சுட வேண்டும். இடது முழங்கையை இடுப்பில் ஊன்றி எலும்பின் மேலேயே சுமையை இறக்கிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து அய்யாவிடம் ஐந்து குண்டும் ஒட்டி விழுந்ததைச் சொன்னேன். திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். "துவக்கக் கையில குடுத்தாகளாப்பு?" என்றார். ஆமாம் என்றேன். "திரும்ப வாங்கிட்டாகளா?" என்றார்.

அன்று மாலை துப்பாக்கிகளைத் துடைக்கிற முறை எங்களுடையது. புல்த்ரூவை இழுத்து முடித்து, போல்ட்டைக் கழற்றி, அந்த மார்க் 4இன் வாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். சின்னத் துளையைச் சுற்றி மயிரிழை மாதிரி இன்னொரு வட்டம் தெரிந்தது, பழைய குழலும் புதிய குழாயும் ஒட்டிய இடம். ஹவில்தார் சார் வரிசை எண்ணைச் சத்தமாகப் படித்துச் சரிபார்த்து, இரண்டு ரைபிளையும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.