புரதக் கைனேஸ் ஏ (மறுசேர்க்கை வினையூக்க அலகு)

ஏடிபியின் கடைசிப் பாஸ்பேட்டை எடுத்துப் பிற புரதங்களின் செரின் அல்லது திரியோனின் அமினோ அமிலத்தில் பொருத்தும் நொதி. வால்ஷ், பெர்கின்ஸ், கிரெப்ஸ் ஆகியோர் 1968இல் இதை விவரித்தனர். உயிரணுவில் இரு வினையூக்க அலகுகளும் இரு ஒழுங்காற்று அலகுகளும் பிணைந்து செயலற்றிருக்கும். அட்ரினலின் போன்ற ஹார்மோனால் சுழற்சி ஏஎம்பி உயரும்போது அது ஒழுங்காற்று அலகுகளில் அமர, வினையூக்க அலகுகள் செயல்படத் தொடங்குகின்றன. தசையில் கிளைகோஜன் சிதைவது, இதயம் வலுவாகச் சுருங்குவது, சில மரபணுக்கள் விழிப்பது எல்லாம் இதன் விளைவுகள்.

முன்பு மாட்டிதயத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வினையூக்க அலகு, இன்று பெரும்பாலும் மறுசேர்க்கை முறையில், அதாவது அதன் மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் செலுத்தி, உருவாக்கப்படுகிறது. சுமார் 350 அமினோ அமிலங்கள், ஏறத்தாழ 40 கிலோடால்டன் நிறை. பல கைனேஸ்கள் பாக்டீரியாவில் உருக்குலைந்து திரண்டுவிடும். இதுவோ 197ஆம் திரியோனினில் தானே பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு செயல்திறன் பெறுகிறது. ஆய்வாளருக்கு இவ்வளவு இணங்கிவரும் கைனேஸ்கள் குறைவு. புரதக் கைனேஸ்களில் முதன்முதலாக இதன் படிக அமைப்பே 1991இல் சூசன் டெய்லர் குழுவினரால் வெளியிடப்பட்டது. அதற்குப் பயன்பட்டதும் மறுசேர்க்கை நொதிதான்.

ஒரு குறை உண்டு: பாலூட்டி உயிரணுவில் இதன் முனையில் இணையும் மிரிஸ்டிக் அமிலம் பாக்டீரியாவில் தானாகச் சேராது. அது வேண்டுமெனில், அதை இணைக்கும் நொதியின் மரபணுவையும் அதே பாக்டீரியாவில் செலுத்துகிறார்கள்.