நடுவர் நடுக்களம் புகுந்த வரலாறு

நடுவர் என்னும் சொல்லுக்கு இரு பொருள் கொள்ளலாம். எப்பக்கமும் சாயாது நடுவு நிலையில் நிற்பவர் என்பது ஒன்று. இரு தரப்பாருக்கும் நடுவே நிற்பவர் என்பது மற்றொன்று. காற்பந்துத் திடலில் ஊதலுடன் ஓடுபவருக்கு இன்று இவ்விரு பொருளும் பொருந்துகின்றன. ஆயின், இவ்வாட்டம் பொது விதி பெற்ற காலத்தில் திடலின் நடுவே அப்படி ஒருவர் இருந்ததில்லை. அவர் எல்லைக் கோட்டைத் தாண்டி உள்ளே வருவதற்கு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆயின. அவ்வரலாற்றை அறியாதவர், விதி நூலை மனப்பாடம் செய்தாலும், விதியின் உயிரை அறிந்தவர் ஆகார்.

1863ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒரு விடுதியில் சில காற்பந்துக் கழகங்களின் பேராளர்கள் கூடினர். அதுவரை இங்கிலாந்தில் பள்ளிக்கொரு விதி வழங்கி வந்தது. ஓரிடத்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். வேறோரிடத்தில் அது குற்றம். எதிரியின் கீழ்க்காலில் உதைப்பதை வீரம் எனப் போற்றியவர்களும் இருந்தனர். அன்று தோன்றிய காற்பந்துச் சங்கம் பல கூட்டங்களில் வாதிட்டு, அவ்வாண்டு டிசம்பரில் 13 விதிகளை வகுத்தது. பந்தை ஏந்தி ஓடுவதும் காலில் உதைப்பதும் விலக்கப்பட்டன. அதனை ஏற்காத பிளாக்ஹீத் கழகம் சங்கத்தை விட்டே வெளியேறியது.

அந்த 13 விதிகளுள் ஒன்றிலேனும் நடுவரைப் பற்றிய பேச்சில்லை. ஆடுவோர் அனைவரும் பண்புடையோர். தவறு நேர்ந்தால் தாமே ஒப்புவர். ஐயம் எழுந்தால் அணித் தலைவர் இருவரும் பேசித் தீர்ப்பர் என்பது அக்காலத்தார் நம்பிக்கை.

பரிசுக் கிண்ணப் போட்டி 1871இல் தொடங்கியதும் அந்நம்பிக்கை தளர்ந்தது. தோற்றால் வெளியேற வேண்டும் என்ற நிலையில், தவறை ஒப்புக்கொள்ளும் மனம் எல்லோருக்கும் எளிதில் வருமா? அணிக்கு ஒருவராக இரண்டு அம்பயர்கள் ஏற்பட்டனர். ஆட்டக்காரர் முறையிட்டால் மட்டுமே அவர்கள் தீர்ப்புச் சொல்வர். அவ்விருவரும் ஒத்துப்போகாதபோது, வெளியே நின்ற மூன்றாம் ஆளிடம் வழக்கு சென்றது. வழக்கை ஏற்று முடிவு சொல்லும் அந்த மூன்றாமவரே இன்றைய நடுவரின் முன்னோர். ஆட்டத்தை ஆளுவது அவர் வேலை அன்று. கேட்டால் சொல்வது மட்டுமே அவர் வேலை.

1891ஆம் ஆண்டு இந்நிலை மாறியது. அம்பயர்கள் கோட்டுக்கு அனுப்பப்பட்டுக் கோட்டு நடுவர் ஆயினர். வெளியே நின்றவர் ஊதலுடன் திடலுக்குள் புகுந்தார். அதே ஆண்டில்தான் பினால்டி உதையும் விதியில் ஏறியது. அயர்லாந்தின் ஆர்மா வட்டாரத்து மில்ஃபர்டைச் சேர்ந்த கோல் காவலர் வில்லியம் மெக்ரம் எண்ணத்தில் உதித்த யோசனை அது. அதனை அயர்லாந்துச் சங்கம் முன்மொழிந்தபோது எதிர்ப்பு எழுந்தது. பண்புடைய ஆட்டக்காரர் வேண்டுமென்றே தவறு செய்வார் என்று விதி கருதுவதே இழிவு எனச் சிலர் சினந்தனர். ஆயின், கோலுக்குள் செல்லும் பந்தைக் கையால் தடுத்து வெற்றி பெற்றவரைத் திடல்கள் கண்டுவிட்டன. நடுவர் உள்ளே வந்ததும் பினால்டி பிறந்ததும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை வியப்பன்று. நம்பிக்கை விட்டுச்சென்ற இடத்தை நிரப்பவே இரண்டும் வந்தன.

நடுவர் அறிய வேண்டுவன இங்கிருந்தே தொடங்குகின்றன. முதலாவது, விதியின் சொல். ஆஃப்சைட் நிலையில் நிற்பது மட்டுமே குற்றமாகாது. அந்நிலையிலிருந்து ஆட்டத்தில் ஈடுபடுவதே குற்றம். கோல் உதை, மூலை உதை, பந்தெறிதல் ஆகியவற்றிலிருந்து நேரே பந்தைப் பெறுபவர் ஆஃப்சைட் ஆகார். எறிந்த பந்து எவரையும் தொடாமல் எதிரியின் கோலுக்குள் சென்றால் அது கோல் அன்று. கோல் உதையே தரப்படும். இத்தகைய நுட்பங்களில் தடுமாறுபவரின் ஊதலுக்கு மதிப்பிராது.

இரண்டாவது, விதியின் காரணம். தாக்குபவருக்கும் கோல் கோட்டுக்கும் இடையே எதிரணியார் மூவர் இருத்தல் வேண்டும் என்ற ஆஃப்சைட் விதி, 1925இல் இருவர் போதும் என்று மாற்றப்பட்டது. தற்காப்பாளர் அவ்விதியையே பொறியாக்கி, ஆட்டத்தை ஓயாமல் நிறுத்தி வந்ததே காரணம். இங்கிலாந்தின் முதற்பிரிவில் ஒரு பருவத்தில் 1,192 ஆக இருந்த கோல்கள், மறுபருவத்தில் 1,703 ஆயின. ஆட்டம் ஓட வேண்டும் என்பதே அம்மாற்றத்தின் நோக்கம். இதனை உணர்ந்த நடுவர், தவறு இழைக்கப்பட்ட அணிக்கே ஆட்டம் சாதகமாக இருக்கும்போது ஊதமாட்டார். ஊதாமல் இருப்பதும் ஒரு தீர்ப்பே.

பல்லாண்டுத் திருத்தங்களால் சிக்குண்டு கிடந்த விதிகளை 1938இல் 17 விதிகளாக ஒழுங்குபடுத்தியவர் ஸ்டான்லி ரவுஸ். அவர் தாமே நடுவராகத் திடலில் ஓடியவர். நடுவர் மூலைவாட்டில் ஓடி, கோட்டு நடுவர் இருவரோடு பந்தை இடையில் வைத்துக் கண்காணிக்கும் முறை பரவியதும் அவர் முயற்சியால்தான்.

மூன்றாவது, தீர்ப்பைப் பிறர் அறியச் செய்தல். 1966ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியில் இங்கிலாந்தும் அர்ஜெண்டினாவும் மோதின. ஜெர்மானிய நடுவர் ருடால்ஃப் கிரெய்ட்லைன், அர்ஜெண்டினாவின் தலைவர் ரட்டினை வெளியேற்றினார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியவில்லை. ரட்டின் நகர மறுத்தார். ஆட்டம் சில நிமிடம் நின்றது. அப்போது நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டன், பின்னர் இலண்டன் சாலையில் கார் ஓட்டிச் செல்கையில் போக்குவரத்து விளக்குகளைக் கண்டார். மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு நிறுத்தம். 1970இல் மெக்சிகோவில் இரு வண்ண அட்டைகளும் உலகக் கிண்ணத்தில் முதன்முதல் வந்தன. புரியாத எச்சரிக்கை எச்சரிக்கை ஆகாது என்பதே அதன் பாடம்.

அவ்வட்டைகளோடு அடுத்த உலகக் கிண்ணத்தில் ஊதல் ஏந்தியவருள் ஒருவர் சிங்கப்பூரின் ஜார்ஜ் சுப்பையா. 1974 ஜூன் 19ஆம் நாள் மியூனிக் நகரில் போலந்து, ஹெய்ட்டி அணிகளின் ஆட்டத்தை அவர் நடத்தினார். போலந்து 7-0 என வென்றது. ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்ட ஆட்டத்திலும், தோற்பவரின் உரிமை கடைசி நிமிடம் வரை குறையாமல் காக்கப்படல் வேண்டும். நடுவு நிலை என்பதற்கு அதுவே பொருள்.

2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்திலிருந்து காணொளி நடுவரும் உதவிக்கு வந்துள்ளார். எனினும் இறுதி முடிவு திடலில் நிற்பவருடையதே. விதி நூல் இன்றும் நடுவரின் கருத்துக்குப் பல இடங்களில் இடம் விடுகிறது. அந்த உரிமை, விதியை அறியாதவருக்குத் தரப்பட்ட சலுகை அன்று. அறிந்தவர்பால் வைக்கப்பட்ட நம்பிக்கை.

உலகக் கிண்ணத்தினும் மிகுதியான ஆட்டங்கள் பள்ளித் திடல்களிலேயே நடைபெறுகின்றன. அங்கே அட்டையோ காணொளியோ இருப்பதில்லை. ஊதலுடன் ஓர் ஆசிரியர் மட்டுமே நிற்கிறார். பத்து வயதுச் சிறுவன் நீதி என்பதை முதன்முதல் காண்பது வழக்கு மன்றத்தில் அன்று. அந்த ஆசிரியரின் ஊதலில்தான். 1863இல் ஆட்டக்காரர்மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை, 1891இல் நடுவர் கைக்கு மாறியது. அதைச் சுமப்பவர் விதியைக் கற்றே திடலில் இறங்குதல் கடமையாகும்.